கணக்கு உதைக்கும் இடத்தில் தொடங்குங்கள்: நகராட்சி நாய் மையத்தில் கோளாறு கண்டறியும் வழி

தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்துத் திரும்ப விடுவதற்காக நகராட்சிகள் நடத்தும் நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்களுக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். ஊர் மாறுகிறது, ஒப்பந்ததாரர் மாறுகிறார், கோளாறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்துத் தடுமாறுவதற்குப் பதிலாக, எந்த அறிகுறி தெரிந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தருகிறேன். கண்காணிப்புக் குழுவில் இருப்பவர், வார்டு கவுன்சிலர், தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர், புதிதாகப் பொறுப்பேற்ற சுகாதார அலுவலர் என யாரும் இதைப் பயன்படுத்தலாம்.

காலை 7 மணிக்குப் போங்கள். கூண்டு கழுவுவதற்கும் வண்டி கிளம்புவதற்கும் முன்பாக அங்கே இருக்க வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும். போனவுடன் வீடியோ எடுக்காதீர்கள். அது ஊர் முழுக்கப் பரவினால் மறுநாளே வாசல் பூட்டப்படும். அதன்பின் உள்ளே இருக்கும் நாய்களுக்கு என்ன நடந்தாலும் பார்க்க ஆள் இருக்காது. இப்படி ஒரு மையத்தில் நடந்து, மீண்டும் உள்ளே நுழைய எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று.

எந்த அறிகுறிக்காகப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். கூண்டு கூண்டாக நடந்து தலைகளை எண்ணுங்கள். கடுவன், பெட்டை, குட்டி என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு பதிவேட்டைக் கேளுங்கள். பதிவேட்டை முதலில் பார்த்துவிட்டால், அதில் உள்ள எண்ணுக்கு ஏற்றபடியே நம் கண்ணும் எண்ணத் தொடங்கிவிடும்.

அறிகுறி: கூண்டில் ஒரு எண்ணிக்கை, பதிவேட்டில் ஒரு எண்ணிக்கை

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். மற்றக் கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன.

கணக்கு எளியது. நேற்று மாலை இருப்போடு இன்று பிடித்தவற்றைக் கூட்டி, விடுவித்தவற்றையும் இறந்தவற்றையும் கழித்தால் இன்றைய இருப்பு வர வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் போடாமல் பின்னோக்கி ஏழு நாளுக்குப் போட்டுப் பாருங்கள்.

*ஒன்றிரண்டு மட்டும் உதைக்கிறது. அடுத்த நாளே சரியாகிறது.* எழுதுவதில் ஏற்பட்ட தாமதமாகத்தான் இருக்கும். வண்டி ஓட்டுநர் மாலையில் விடுவித்துவிட்டு வந்து, காலையில்தான் எழுத்தரிடம் சொல்லியிருப்பார். வண்டியிலேயே ஒரு விடுவிப்புச் சீட்டுக் கட்டை வைத்தால் இது தீர்ந்துவிடும். இதற்காக யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

*நாயின் கழுத்தில் எண் வில்லை இல்லை, அல்லது ஒரே எண் இரண்டு நாய்களுக்கு இருக்கிறது.* பிடிக்கும்போதே எண் கட்டப்படவில்லை என்று பொருள். மையத்துக்குக் கொண்டுவந்த பிறகு கட்டினால், எந்த நாயை எந்தத் தெருவில் பிடித்தார்கள் என்பது நினைவை நம்பியதாகிவிடுகிறது. ஒரு வண்டியில் பன்னிரண்டு செவலை நாய்கள் வந்தால் யாருக்கு எது நினைவிருக்கும்? வில்லையும் கயிறும் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் வாங்கித் தரப்படவில்லை என்பதே காரணமாக இருக்கும். செலவு சில நூறு ரூபாய்தான்.

*உதைப்பு நாளுக்கு நாள் கூடுகிறது. பதிவேட்டில் விடுவித்த இடம் 'அதே பகுதி' என்று மட்டும் இருக்கிறது.* இது கவலைப்பட வேண்டிய கட்டம். 2023 மார்ச் 10 அன்று அறிவிக்கப்பட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். விட்ட இடத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும். பத்துப் பதிவுகளைக் குறித்துக்கொண்டு அந்தத் தெருக்களுக்கு நடந்து போங்கள். டீக்கடைக்காரரையும், வாசல் தெளிப்பவரையும், இரவுக் காவலரையும் கேளுங்கள். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் வெட்டுள்ள நாயைத் தேடுங்கள். பத்தில் ஏழெட்டு கிடைத்தால் பதிவு உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஒன்றிரண்டுதான் கிடைக்கின்றன என்றால், நாய்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுகின்றன, அல்லது பிடிக்கப்படவே இல்லை.

*பிடிக்காத நாய்க்குப் பில் போடப்படுகிறது என்ற சந்தேகம்.* ஒப்பந்ததாரருக்கு ஒரு நாய்க்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் பணம் போகிறது. அதனால்தான் அகற்றிய இனப்பெருக்க உறுப்புகளை ஃபார்மலினில் பாதுகாத்து, கண்காணிப்புக் குழு எண்ணிப் பார்க்கும் முறை இருக்கிறது. கடுவனுக்கு இரண்டு விதைகள். பெட்டைக்கு இரண்டு சினைப்பைகளும் கருப்பையும். ஜாடிகளில் தேதி ஒட்டப்பட்டிருக்கிறதா? கடந்த முறை எண்ணியவை அழிக்கப்பட்டதற்கு மருத்துவக் கழிவு ரசீது இருக்கிறதா? அந்த ரசீது இல்லாவிட்டால் ஒரே ஜாடியை இரண்டு மாதங்களுக்கும் காட்ட முடியும். எண்ணுவது மணக்கும் வேலை, குமட்டும் வேலை. ஆனாலும் கையுறை போட்டுக்கொண்டு எண்ணுங்கள். எண்ணாமல் கையெழுத்துப் போடுகிற உறுப்பினர், அந்தப் பில்லுக்குத் தானும் பொறுப்பாளி ஆகிறார்.

எப்போது மேலே போவது: தெருவில் தேடியதும் உறுப்பு எண்ணிக்கையும் இரண்டுமே உதைத்தால் மையத்தில் வாதிட வேண்டாம். நகல்களுடன் ஆணையருக்கு எழுதிக் கொடுத்து, அந்த மாதப் பில்லை நிறுத்திவைக்கக் கேளுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இதற்கு மேல் தணிக்கையாளர் செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: அறுவைக்குப் பிறகு நாய்கள் இறக்கின்றன

எப்போது இறந்தது என்பதை முதலில் கேளுங்கள். காரணம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

*அறுவை நடந்த அன்றே அல்லது மறுநாள் காலைக்குள்.* மலிவான காரணங்களிலிருந்து தொடங்குங்கள். வெறும் வயிற்றில் வைத்திருந்தார்களா? காலையில் பிடித்து மதியமே மேசையில் ஏற்றினால், குப்பைத் தொட்டியில் தின்றது வயிற்றில் இருக்கும். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அடுத்தது எடை. எடை பார்க்கும் கருவி வேலை செய்கிறதா என்று ஏறி நின்று பாருங்கள். மயக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. 'பார்த்தாலே தெரியும்' என்று சொன்ன ஒரு மையத்தில் நாங்கள் நிறுத்துப் பார்த்தபோது, பதினைந்து கிலோ என்று எழுதியிருந்த நாய் பதினொன்று இருந்தது. பிறகு தரை. மயக்கம் தெளியாத நாயை ஈரச் சிமென்ட்டில் கிடத்தினால் உடல் குளிர்ந்து போகும். நான்கு சாக்குப் பைகள் போதும் இதைத் தவிர்க்க.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இறப்பு தொடர்ந்தால், இரத்தக் கசிவைச் சந்தேகியுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்து வயிறும் உப்பியிருந்தால் உள்ளே இரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவியிருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவரை அழையுங்கள். நம் ஊர்த் தெருநாய்களில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அது இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். சரியாக நடந்த அறுவையிலும் இரத்தம் உறையாமல் கசியும். அறுவைக்கு முன் ஈறின் நிறத்தையும் உடல் வெப்பத்தையும் பார்த்து, சந்தேகமான நாயை ஒதுக்கும் பழக்கம் அந்த மையத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறுவைப் பதிவேட்டில் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் பாருங்கள். ஒரு மருத்துவர் காலை 10 மணி முதல் 1 மணிக்குள் 40 நாய்களுக்குச் செய்ததாக இருந்தால், ஒன்றுக்கு நாலரை நிமிடம் வருகிறது. நான் பார்த்த தேர்ந்த கைகள்கூடப் பெட்டை நாய்க்குக் கால் மணி நேரத்துக்குக் குறைந்து முடித்ததில்லை. அப்படியானால் எண்ணிக்கை பொய், அல்லது அறுவை அவசரமானது. இரண்டில் எது என்பதை முதல் அறிகுறியில் சொன்ன உறுப்பு எண்ணிக்கை காட்டிவிடும். மருத்துவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். நாளொன்றுக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்று அவரை யாரோ நெருக்குகிறார்கள் என்பது பலமுறை தெரியவந்திருக்கிறது. அவர் பயப்படாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம்.

*இரண்டு முதல் நான்கு நாளில்; தையல் பிரிந்து, சீழ் வைத்து.* கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் கலன் ஓடுகிறதா, ஒரு நாளில் எத்தனை தொகுதிக் கருவிகள் பயன்படுகின்றன என்று பாருங்கள். இருபது நாய்களுக்கு நான்கு தொகுதிதான் இருந்தால், இடையில் வெறும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள் என்று பொருள். மற்றொரு காரணம், நாலைந்து நாய்களை ஒரே கூண்டில் அடைப்பது. ஒன்றின் தையலை மற்றொன்று நக்கிப் பிரித்துவிடும். இடம் போதவில்லை என்று இரண்டாம் நாளே தெருவில் விடுவதும் நடக்கிறது. பெட்டை நாயை நான்கு நாளாவது வைத்திருக்கச் சொல்லுங்கள்.

*ஐந்தாம் நாளுக்குப் பின். இரத்த வயிற்றுப்போக்கு, கெட்ட நாற்றம், குட்டிகளும் இளசுகளும் முதலில்.* பார்வோ வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் தொற்றிய மூன்று முதல் ஏழு நாளுக்குள் நோய் தெரியும் என்பதால், வந்து ஒரு வாரமான நாய்க்குக் கண்டால் அது மையத்துக்குள்ளேயே தொற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் எல்லா மையமும் செய்யும் தவறு ஒன்று உண்டு: பினாயில் ஊற்றிக் கழுவுவது. பினாயிலுக்குப் பார்வோ சாகாது. தரையில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நாய்களை வெளியேற்றி, மலத்தையும் அழுக்கையும் சோப்புத் தண்ணீரால் முழுதாகக் கழுவிய பிறகு, 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து வீண். நன்றாக அலசி, காய்ந்த பிறகு நாயை விடலாம். துடைப்பம், பாத்திரம், பணியாளரின் செருப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எப்போது மேலே போவது: ஒரே வாரத்தில் மூன்று நாய்கள் ஒரே மாதிரி இறந்தால், புதிய நாய் பிடிப்பதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உடலைப் புதைக்க விடாதீர்கள். குளிர்ச்சியாக வைத்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. உறையவைத்தால் திசு கெட்டுவிடும். பனிக்கட்டியில் வைத்தால் போதும். வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் நீங்கள் தொடவே கூடாது.

அறிகுறி: கூண்டுகள் நிரம்பி வழிகின்றன

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின் இது கூடிவிட்டது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து பிடிக்கும் நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. நான்கு நாள் தங்கிப் போவதற்குக் கட்டிய கூண்டில் ஆயுள் முழுக்கத் தங்கும் நாய்கள் சேர்கின்றன. உத்தரவுக்குப் பணிந்துதான் ஆக வேண்டும். ஆனால் இடத்தைக் கட்டாமல் நாயை மட்டும் பிடிப்பது பணிவு ஆகாது.

முதலில் பிரித்துப் பாருங்கள். நிறுவன வளாகங்களிலிருந்து வந்தவை எத்தனை? தெருவிலிருந்து வந்து திரும்பப் போக வேண்டியவை எத்தனை? பல மையங்களில் இந்த இரண்டும் ஒரே பதிவேட்டில் கலந்து கிடக்கின்றன. தனிப் பத்தி போட்டாலே, காரணமில்லாமல் தேங்கி நிற்கும் தெருநாய்கள் தெரிந்துவிடும்.

*தெருநாய்கள் தேங்குகின்றன.* வண்டி பழுது, ஓட்டுநர் விடுப்பு, டீசல் பில் நிலுவை, இந்த வரிசையில் கேளுங்கள். அடுத்தது, தெருவாசிகள் வண்டியை மறித்து விடுவிக்க விடாமல் தடுப்பது. இதற்குக் கவுன்சிலரையும் சுகாதார ஆய்வாளரையும் வண்டியோடு ஒரு முறை அழைத்துப் போனால் போதும். வெறிநோய் உள்ளவை, அதற்கான சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவு சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஓட்டுநரிடம் கொடுத்து வையுங்கள்.

*பிடிப்பது கூண்டுக்கு மேல் போகிறது.* புகார் வந்த தெருவுக்கெல்லாம் ஓடினால் இப்படித்தான் ஆகும். கூண்டில் இடமுள்ள அளவுக்குத்தான் பிடிக்க வேண்டும். காலையில் காலிக் கூண்டுகளின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதி, அந்த எண்ணுக்கு மேல் வண்டி ஏற்றக் கூடாது என்று நடைமுறை வையுங்கள். பால் கொடுக்கும் தாய் நாயைக் குட்டிகளை விட்டுப் பிரித்துப் பிடித்து வருவதும் இந்த அவசரத்தில் நடப்பதுதான். முலைக்காம்பு தொங்கும் நாயைக் கூண்டில் கண்டால், அன்றைக்கு உங்கள் வேறு எந்த வேலையும் முக்கியமில்லை. பிடித்த தெருவைக் கேட்டு, குட்டிகளைத் தேடிப் போங்கள்.

*நிரந்தரமாகத் தங்குபவைதான் அதிகம்.* இதற்கு மலிவான தீர்வு கிடையாது. தனி வளாகமும் தனிப் பணியாளரும் தனி நிதி ஒதுக்கீடும் வேண்டும். மாமன்றத்தில் அல்லது நகர்மன்றத்தில் தீர்மானமாக வந்தால்தான் நடக்கும். கவுன்சிலரிடம் வெறும் புகாராகப் போகாமல், நாய் எண்ணிக்கை, ஒரு நாள் தீவனச் செலவு, கூண்டின் அளவு எல்லாம் எழுதிய ஒரு பக்கத்தோடு போங்கள்.

அறிகுறி: நாய்கள் மெலிந்திருக்கின்றன

அரிசி மூட்டையை எண்ணுங்கள். இத்தனை நாய்க்கு இத்தனை கிலோ என்று ஒப்பந்தத்தில் இருக்கும். கொள்முதல் ரசீதோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சோறு சரியாக வருகிறது, ஆனாலும் மெலிகிறது என்றால் ஒரே தட்டில் கொட்டுகிறார்கள், வலுத்தது தின்கிறது. தட்டைப் பிரியுங்கள். அதன் பிறகும் மெலிந்தால் குடற்புழு நீக்கம் நடந்ததா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் பாசி இருந்தால், மற்றதையெல்லாம் கேட்பதற்கு முன்னால் நீங்களே தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

அறிகுறி: பணியாளர்கள் கடிபடுகிறார்கள், மாதத்துக்கு ஒருவர் விலகுகிறார்

நாய் பிடிப்பவர்களைக் கொடியவர்கள் என்று ஊர் சொல்கிறது. அவர்களில் பலர் தினக்கூலியில், கிழிந்த வலையோடு, கையுறை இல்லாமல் வேலை செய்பவர்கள். முன்கூட்டியே போடும் வெறிநோய்த் தடுப்பூசியை முதல் நாள், ஏழாம் நாள், அதன்பின் 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று தவணை போட்டார்களா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். 'எல்லோருக்கும் போட்டாயிற்று' என்று மேற்பார்வையாளர் சொல்வதை நம்பாமல் அட்டையைப் பாருங்கள். ஒரு மையத்தில் ஏழு பேரில் இருவரிடம்தான் அட்டை இருந்தது. அன்று மாலையே அரசு மருத்துவமனைக்கு ஐந்து பேரையும் அழைத்துப் போனோம். அப்போது ஒரு தம்பி, 'எங்களை யாரும் இதுவரை கேட்டதில்லை அக்கா' என்றார். அவர் இன்றும் அங்கே வேலை செய்கிறார்.

கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. முன்பே ஊசி போட்டவருக்கும் இது பொருந்தும். கடித்த நாயைக் கொல்ல விடாமல் தனிக் கூண்டில் பத்து நாள் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: உள்ளே விட மறுக்கிறார்கள், கண்காணிப்புக் குழு கூடுவதே இல்லை

சுவரில் தொடங்குங்கள். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்று மாட்டியிருக்கிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா? அங்கீகாரம் இல்லாத அமைப்பு கருத்தடை செய்யவே கூடாது. கண்காணிப்பு கேமரா அறுவை அறையிலும் கூண்டுப் பகுதியிலும் ஓடுகிறதா? 'பழுது' என்றால் எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி வாங்குங்கள்.

குழுவுக்கு உள்ளாட்சியின் தலைமை அலுவலரே தலைவர். கூடவில்லை என்றால், முதலில் அவருக்கு ஒரு கடிதம். பதில் இல்லையேல் முதல்வரின் உதவி மையம் 1100. சென்னையில் மாநகராட்சியின் 1913. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பலரும் 'ஊழல் நடக்கிறதா?' என்று கேட்டு, 'தகவல் இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட மூன்று மாதத்தின் பிடிப்புப் பதிவேடு, விடுவிப்புப் பதிவேடு, உறுப்பு எண்ணிய குறிப்பு, குழுக் கூட்டக் குறிப்பு, ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பில். அவற்றை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. நகல் கேட்பதைவிட நேரில் பார்ப்பது பலன் தரும். புதிதாக எழுதிய மை கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த படி நல வாரியம். ஒரு காலத்தில் அதன் அலுவலகம் திருவான்மியூரில் இருந்தது. நேரிலேயே போய்ச் சொல்ல முடிந்தது. 2018-இல் ஹரியாணாவின் பல்லப்கருக்கு மாறிவிட்டதால் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும்தான் வழி. ஆதாரங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் பத்து வரிக்குள் சாரத்தை எழுதுங்கள்.

அடிப்பது, பட்டினி போடுவது, உயிரோடு புதைப்பது போன்ற கொடுமையைக் கண்ணால் கண்டால் மேலே சொன்ன வரிசை எதுவும் வேண்டாம். அன்றே காவல் நிலையம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவையும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் புகாரில் குறிப்பிடுங்கள். படம் எடுக்க வேண்டிய நேரமும் இதுதான்.

உயர் நீதிமன்றத்தில் வழக்கு என்பது கடைசி, செலவும் அதிகம். வழக்கறிஞரைப் பார்க்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: என்ன கேட்கப் போகிறோம்? 'மையத்தை மூடு' என்று கேட்டால் மூடிவிடுவார்கள், உள்ளே இருக்கும் நூறு நாய்கள் அன்றிரவு எங்கே போகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அருகிலுள்ள ஊர் மையம் எத்தனை எடுத்துக்கொள்ளும், வண்டி யாருடையது, அறுவை முடிந்து தையல் ஆறாதவை எத்தனை என்ற பட்டியலை மனுவோடு சேருங்கள். அந்தப் பட்டியலுக்கும் ஒரு காலையில் 7 மணிக்குப் போய்த் தலைகளை எண்ணித்தான் ஆக வேண்டும்.